நெடுஞ்சாலையில் கை வைப்பதற்கு முன்

யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்நாட்டுச் சாலைகளை வரைந்தும் திருத்தியும் வரும் மாணவர்களுக்கும் இளம் பொறியாளர்களுக்கும்,

உங்களில் பெரும்பாலோரைப் பயனர் பெயராக மட்டுமே அறிவேன். நள்ளிரவு தாண்டி நீங்கள் ஏற்றும் திருத்தங்களை மறுநாள் காலையில் பார்க்கிறேன். எந்த நிறுவனமும் எட்டிப் பார்க்காத கிராமத்துத் தெருக்களும் கண்மாய்களும் ரேஷன் கடைகளும் உங்கள் கையால்தான் வரைபடத்துக்கு வந்தன. ஒரு ரூபாய்கூட வாங்காமல் செய்கிறீர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் உங்களிடம் எனக்குக் கடுமையான வருத்தம் இருக்கிறது. அது நெடுஞ்சாலை.

ஊருக்குள் ஒரு தெருவின் வளைவை ஐந்து மீட்டர் தள்ளி வரைந்துவிட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. தேடி வந்தவர் நான்கு வீடு தாண்டி விசாரித்துக்கொள்வார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார்களும், இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகளும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைகிறவர்களும் ஒரே கோட்டை நம்பி வரும் இடம் நெடுஞ்சாலை. அங்கே நீங்கள் தவறவிட்ட ஒரு புள்ளி அவர்களை அடுத்த யூ-டர்ன் வரை பல கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போகும், அல்லது ராங் சைடில் திருப்பிவிடும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகள் நம் தரவை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. நாம் பெயரே கேள்விப்படாத எத்தனையோ நிறுவனங்களும் எடுக்கின்றன. நீங்கள் சேமிப்பை அழுத்திய பிறகு அந்தக் கோடு உங்கள் மடிக்கணினியில் இருப்பதில்லை.

வழி சொல்லும் மென்பொருள் உங்கள் வரைபடத்தைப் படமாகப் பார்ப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அதற்குத் தெரிவதெல்லாம் புள்ளிகள், புள்ளிகளைச் சேர்க்கும் கோடுகள், கோடுகளின் மேல் எழுதிய குறிச்சொற்கள். இரண்டு கோடுகள் ஒரே புள்ளியைப் பகிர்ந்துகொண்டால் அங்கே சந்திப்பு உண்டு. பகிர்ந்துகொள்ளாவிட்டால், திரையில் ஒட்டியே தெரிந்தாலும் சந்திப்பு கிடையாது. மேம்பாலம் ஒன்றை வரைகிறீர்கள். அது கீழே போகும் சாலையின் மேல் குறுக்கிடுகிறது. உடனே நீங்கள் வரையப் பயன்படுத்தும் ஐடி எடிட்டர் மஞ்சள் எச்சரிக்கை காட்டி, பாலம் சேர்க்கவா, இணைக்கவா என்று கேட்கிறது. எச்சரிக்கை மறைந்தால் போதுமென்று ‘இணை’ என்பதை அழுத்துகிறீர்கள். அந்த நொடியிலிருந்து மேம்பாலத்தின் நடுவில் வரும் வண்டியை ‘இடப்பக்கம் திரும்பு’ என்று கைபேசி சொல்லும். கீழே இருபதடி ஆழத்தில் சர்வீஸ் ரோடு கிடக்கும். பகலில் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே போய்விடலாம். மழை இரவில், ஊர் தெரியாத இடத்தில், அந்தக் குரலைக் கேட்டுத் தடுமாறி பிரேக் பிடிப்பவரின் பின்னால் என்ன வண்டி வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று திசை. ஒருவழிக் கோட்டை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வரைந்தீர்களோ அதுவே போக்குவரத்தின் திசை. நாலு வழிச்சாலையின் நடுவில் தடுப்பு இருந்தால் இரண்டு கோடுகள் போட வேண்டும். போகும் திசையை நோக்கி நின்றால் நம் கோடு இடப்பக்கம் இருக்க வேண்டும். இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று கேட்பீர்கள். நீங்கள் பார்த்துக் கற்கும் காணொளிகளில் பல, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வந்தவை. அவற்றைப் பார்த்தபடியே வரைந்து இரண்டு கோடுகளையும் தலைகீழாக ஓடவிட்ட துண்டுகளைத் திருத்தியிருக்கிறேன். ரவுண்டானா நம்மூரில் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. அதையும் எதிர்த்திசையில் வரைகிறார்கள்.

அதே காணொளிகள் இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவருகின்றன. அகலமான சாலையைக் கண்டால் ‘மோட்டார்வே’ என்று குறித்துவிடுவது. தேசிய நெடுஞ்சாலை என்றால் ‘ட்ரங்க்’, மாநில நெடுஞ்சாலை என்றால் ‘பிரைமரி’ என்பது இந்தியத் தரவில் நெடுநாள் வழக்கம். ‘மோட்டார்வே’ என்பது நுழைவும் வெளியேற்றமும் கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச்சாலைக்கு மட்டும் உரியது. கிருஷ்ணகிரி–சேலம் சாலையில் டீக்கடை உண்டு, பேருந்து நிறுத்தம் உண்டு, பால் கேனோடு டிவிஎஸ் எக்ஸ்எல் போகும். அதை மோட்டார்வே ஆக்கினால் சைக்கிளும் நடந்து போகிறவரும் அங்கே இல்லவே இல்லை என்று மென்பொருள் முடிவுகட்டும், அவர்களை வேறெங்கோ சுற்றிப் போகச் சொல்லும். அந்தச் சாலையோரத்தில்தான் அவர்கள் வீடே இருக்கிறது.

நடுத்தடுப்பின் திறப்புகள்தான் எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துகின்றன. அடிக்கடி விபத்து நடக்கும் இடத்தில் திறப்பை மூடிவிடுகிறார்கள். முதலில் பேரிகார்டு வைப்பார்கள், பிறகு கான்கிரீட் கட்டை. செயற்கைக்கோள் படத்தில் அந்தத் திறப்பு வருஷக்கணக்கில் அப்படியே தெரியும். நீங்கள் அதைப் பார்த்து அங்கே ஓர் இணைப்புக் கோடு போடுகிறீர்கள். மனிதர்கள் செத்த காரணத்தால் மூடப்பட்ட வழியை வரைபடத்தில் நாம் திரும்பத் திறந்துவிடுகிறோம். அங்கே திரும்பலாம் என்று நம்பி வந்தவர், மூடியிருப்பதைக் கண்டு எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாமா என்று நினைப்பார். நெடுஞ்சாலையோரம் வசிக்கும் எவரைக் கேட்டாலும் இதன் முடிவைச் சொல்வார்.

செயற்கைக்கோள் படம் எடுக்கப்பட்ட நாளின் உண்மையைத்தான் சொல்லும். நீங்கள் பார்க்கும் படம் சில சமயம் மூன்று நான்கு வருஷம் பழையது, ஒரே சாலையின் இரண்டு துண்டுகள் இரண்டு வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவையாகக்கூட இருக்கும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கா ஆற்றின் பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் ஏற்கனவே அடித்துக்கொண்டு போயிருந்தது. கைபேசி காட்டிய வழியில் அந்த மாற்றம் இல்லை என்று காவல்துறை தரப்பில் சொல்லப்பட்டது. அந்த வழி நம் தரவிலிருந்து வந்ததா என்ற கேள்விக்குள் போக எனக்கு விருப்பமில்லை. பழைய செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பாலம் முழுசாக இருந்திருக்கும். நம் மாவட்டத்தில் அப்படி ஒரு தரைப்பாலம் உடைந்தால் நாளை நம்மில் ஒருவர் அதே கேள்விக்கு முன் நிற்க வேண்டிவரும்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு பலர் தவறுகிறார்கள். பாலம் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அந்தக் கோட்டை அழித்துவிடாதீர்கள். அழித்தால், அடுத்த வாரம் வேறொருவர் பழைய படத்தைப் பார்த்து ‘அடடா, இங்கே ஒரு பாலம் விடுபட்டிருக்கிறதே’ என்று மறுபடி வரைந்துவிடுவார். கோட்டை அங்கேயே வைத்து, போக்குவரத்து இல்லை என்று குறித்து, எப்போது, எதனால், யார் பார்த்தது என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். அதே போலத்தான் வேலை நடக்கும் சாலையும். ஜல்லி கொட்டிய அளவில் இருப்பதை முழுச் சாலையாக ஆக்காமல், கட்டுமானத்தில் உள்ளது என்றே விட்டுவையுங்கள்.

எண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2010இல் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் எண்களை மாற்றியது. வடக்கு தெற்காகப் போனால் இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக ஏறும். கிழக்கு மேற்காகப் போனால் ஒற்றைப்படை எண், வடக்கிலிருந்து தெற்கே ஏறும். மூன்று இலக்கம் என்றால் கிளைச்சாலை, அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைச் சொல்லும். சேலத்தில் 44ஐ விட்டுப் பிரிந்து கோயம்புத்தூர், பாலக்காடு வழியாகக் கொச்சிக்குப் போவது 544. ஒழுங்கான முறைதான். ஆனால் பழைய எண்கள் செத்துப்போகவில்லை, வேறு மாநிலங்களில் மறுபிறவி எடுத்திருக்கின்றன. நாம் 45 என்று சொன்ன சென்னை–திருச்சி சாலை இப்போது திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்குப் பிறகு 38. இன்றைய 45 ஜபல்பூர், பிலாஸ்பூர் பக்கம் ஓடுகிறது. காசியிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்த 7இன் தென்பகுதி, இன்று ஸ்ரீநகரிலிருந்து வரும் 44க்குள் அடங்கிவிட்டது. இன்றைய 7 பஞ்சாபில் தொடங்கி பத்ரிநாத் பக்கம் முடிகிறது. புதுச்சேரி–கிருஷ்ணகிரி சாலைக்கு இருந்த 66ஐ மேற்குக் கடற்கரைச் சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் திண்டிவனம்–கிருஷ்ணகிரி சாலை இப்போது 77.

ஆனால் கடைப் பலகைகளில் இன்னும் 544இன் பழைய எண்ணான ‘என்.எச். 47’ இருக்கிறது. பத்திரங்களில் இருக்கிறது, லெட்டர்பேடுகளில் இருக்கிறது. அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்து உங்களில் ஒருவர் 544ஐ 47 ஆக்குகிறார். மறுவாரம் இன்னொருவர் திரும்ப மாற்றுகிறார். இடையில் ஒரு துண்டு விடுபட்டு, ஒரே சாலை பத்து கிலோமீட்டருக்கு ஒரு எண்ணைக் காட்டுகிறது. இருவரும் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள், ஒருவரோடொருவர் பேசவில்லை. நடப்பு எண்ணை எண்ணுக்கான குறிச்சொல்லிலும், பழைய எண்ணைப் பழைய எண்ணுக்கென்றே இருக்கும் குறிச்சொல்லிலும், சென்னை–திருச்சி சாலையை ‘ஜி.எஸ்.டி. ரோடு’ என்று மக்கள் சொல்வது போன்றவற்றை வட்டார வழக்குப் பெயருக்கான இடத்திலும் எழுதினால் சண்டையே வராது. எதைத் தேடினாலும் கிடைக்கும். புறவழிச்சாலை திறக்கும்போது இன்னொரு கடமையும் சேர்ந்து வருகிறது. புதிய சாலைக்கு எண் போட்டால் மட்டும் போதாது, ஊருக்குள் போகும் பழைய சாலையிலிருந்து அந்த எண்ணை எடுக்க வேண்டும். எடுக்காததால் லாரிகள் கடைவீதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கின்றன.

எண்ணைவிட நுட்பமானது மலைச்சாலை. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36, கொல்லிமலையில் 70. இங்கே படமே சாய்ந்து கிடக்கும். சரிவுகளில் செயற்கைக்கோள் படம் இருபது, முப்பது மீட்டர்கூட விலகும். அதன் மேல் கோட்டை இழுத்து ‘சரி செய்துவிட்டேன்’ என்று எழுதாதீர்கள். முன்பு யாரோ ஜிபிஎஸ் பதிவோடு ஏறி இறங்கி வரைந்ததை அப்படித்தான் கெடுக்கிறோம். அந்தச் சாலைகளின் விதிகளோ எந்தப் படத்திலும் தெரியாது. சத்தியமங்கலம் காட்டின் வழியாகப் போகும் திம்பம் சாலையில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 முதல் இரவு நேரக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. முதுமலையைத் தாண்டி பந்திப்பூருக்குள் போனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் கதவு மூடிவிடும். கல்லட்டி வழியாக ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை. நேரத்தோடும் திசையோடும் சேர்த்துக் கட்டுப்பாட்டை எழுதும் வசதி நம் தரவில் இருக்கிறது. நூறு கட்டடங்களை வரைவதைவிட இந்த ஒரு வரியை எழுதுவது பெரிய காரியம். சோதனைச்சாவடியில் இரவெல்லாம் காத்துக்கிடக்கும் ஒரு குடும்பத்தையாவது அது காப்பாற்றும்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியாமல் நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. உங்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதும் காரணம். கல்லூரிகளில் மேப்பத்தான் என்ற வரைபடப் போட்டி நடத்துகிறார்கள். யார் அதிகத் திருத்தம் செய்கிறார்களோ அவர்களுக்குச் சான்றிதழ். எண்ணிக்கைக்காக வரைகிறவர் நெடுஞ்சாலைக்கு வரும்போது ஒரே சொடுக்கில் நீளமான கோட்டைப் பிடித்து இழுக்கிறார், எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. விளக்கப் பெட்டியில் ‘அப்டேட்’ என்று ஒரு சொல். மறுநாள் அவர் தரவை விட்டே போய்விடுகிறார். எதைப் பார்த்து மாற்றினார், நேரில் போனாரா, பழைய படமா, புதிய படமா, எதுவும் தெரியாது. கேள்வி அனுப்பினால் பதில் வராது. எல்லாத் திருத்தங்களுக்கும் வரலாறு இருக்கிறது, பழைய நிலைக்குத் திருப்பலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆதாரம் எழுதாத திருத்தத்தைத் திருப்புவதா விடுவதா என்று முடிவெடுக்கவே ஒருவர் அறுபது கிலோமீட்டர் பேருந்தில் போய்வர வேண்டியிருக்கிறது. இயந்திரம் தானாகக் கண்டுபிடித்துத் தரும் சாலைகளையும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுகிறார்கள். ஏரிக்கரையையும் வாய்க்கால் கரையையும் அது சாலை என்று காட்டும், மறுக்க வேண்டியவர் நீங்கள்தான். பெயர்களும் அப்படியே. ஆங்கில எழுத்திலிருந்து தானாகப் பெயர்த்தால் பாடாலூர் படலூராகிவிடும். ஊர்ப் பலகையில் தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.

மற்ற நிறுவனங்களின் வரைபடத்தையோ தெருப்படங்களையோ பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு காப்பி அடிக்கவும் கூடாது. அது உரிமச் சிக்கல். அகப்பட்டால் உங்கள் திருத்தம் மட்டுமல்ல, அதன் மேல் மற்றவர்கள் செய்த வேலையும் சேர்ந்து போகும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நேரில் போவது கடினம் என்பீர்கள். வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து நூறடிச் சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவைத் தொடங்கினார். ஜி.எஸ்.டி. சாலை இன்றும் அந்த மலையடிவாரத்தின் வழியாகத்தான் போகிறது. உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் வேண்டாம். அரசுப் பேருந்தில் முன்பக்கம் இடப்புற ஜன்னலோரம் உட்காருங்கள், கைபேசியில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிடுங்கள், திறப்பு, சர்வீஸ் ரோடு நுழைவு, கீழ்ப்பாலத்தின் உயரப் பலகை ஆகியவற்றைக் குரலில் பதிவு செய்யுங்கள். நடுத்தடுப்பில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், உங்கள் உயிரை விலையாகக் கேட்கும் திருத்தம் எதுவும் கிடையாது. கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தடுமாறும் என்பதால் ஒரே ஒரு பயணத்தை வைத்து எந்தப் பக்கக் கோடு என்று தீர்மானிக்கவும் வேண்டாம். போகும்போதும் வரும்போதும் பதிவு செய்து, மற்றவர்கள் ஏற்றிய பதிவுகளோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் பஞ்சர் கடைக்காரரைக் கேளுங்கள். திறப்பை எந்த மாதம் மூடினார்கள், அதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் உங்கள் மாவட்டத்துக்குள் வரும் நெடுஞ்சாலையை மட்டும் இறக்கிப் பாருங்கள். எண் அறுந்த துண்டுகள், ஒட்டாமல் நிற்கும் முனைகள், திசை மாறிய கோடுகள் எல்லாம் நிறம் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். நீங்களே அளந்த புள்ளிகளை மீட்டர் கணக்கில் கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல்லை ஒட்டித் தமிழ்நாட்டை இரண்டாக வெட்டுகிறது. அதற்கு மேற்கே யூடிஎம் மண்டலம் 43, கிழக்கே 44. மண்டலத்தை மாற்றிக் கொடுத்தால் உங்கள் புறவழிச்சாலை கடலில் போய் விழும்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 2015 வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்துக்காட்டிய வரைபடம் நம் தரவின் மேல்தான் எழுந்தது. வெள்ளம் வந்த பிறகு தெருவை வரைய நேரம் இருந்திருக்காது. யாரோ அதற்கு முன்பே அமைதியாக வரைந்து, பராமரித்து வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலைக்கும் அப்படி ஆட்கள் வேண்டும். மாநிலம் முழுவதையும் ஒரே இரவில் திருத்துகிறவர்கள் நமக்குத் தேவையில்லை. இரண்டு சுங்கச்சாவடிகளுக்கு நடுவில் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஒரு வருஷம் விடாமல் பார்த்துக்கொள்கிற ஒருவர் வேண்டும்.

எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டாம், ஊருக்குப் போகும் வழியில் இருப்பதை எடுங்கள். பரனூரிலிருந்து ஆத்தூர், ஆத்தூரிலிருந்து விக்கிரவாண்டி, அங்கிருந்து செங்குறிச்சி, பிறகு திருமாந்துறை, சமயபுரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீங்கள் தாண்டிப் போகும் சாவடிகள்தான். மாதம் ஒருமுறை அந்தத் துண்டில் யார் என்ன மாற்றினார்கள் என்று பாருங்கள். நேரில் பார்க்காத எதையும் நெடுஞ்சாலையில் மாற்றாதீர்கள், ஐயம் இருந்தால் குறிப்பு மட்டும் போடுங்கள். மாற்றினால் எதைப் பார்த்து, எந்த மாதம் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ முழு வாக்கியமாக எழுதுங்கள். மற்றவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். மேப்பத்தான் நடத்தும் பேராசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளில் தேசிய நெடுஞ்சாலைகளைத் தொடக்கூடாது என்று சொல்லுங்கள், சான்றிதழை எண்ணிக்கைக்குக் கொடுக்காதீர்கள்.

திருமாந்துறை முதல் சமயபுரம் வரை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு வடக்கே யார், தெற்கே மதுரை வரை யார் என்பதை இந்த மாத இறுதிக்குள் உங்கள் பயனர் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அன்புடன்,
உங்களோடு வரைகிற ஒருவன்